பெரியப்பாவுக்குப் புறாமலையில் என்ன அலுவல்?

இப்போது புறாமலைக்குப் போவதென்றால் நிலாவெளிக் கரையிலேயே டிக்கெட் எடுக்க வேண்டும். மிதவைச் சட்டை மாட்டிவிட்டுத்தான் படகில் ஏற்றுகிறார்கள். பவளப்பாறையை, அதாவது எங்கள் முருகைக்கல்லை, மிதிக்காதீர்கள், சிப்பி பொறுக்காதீர்கள், ஆமையைத் துரத்தாதீர்கள் என்று பூங்காக் காவலர் ஒருவர் மூன்று மொழியிலும் சொல்கிறார். மகனின் பிள்ளைகளோடு போனபோது நானும் பணிவாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். நான் முதன்முதல் அந்தத் தீவுக்குப் போன காலத்தில் இவ்வளவு விதிகள் கிடையாது. ஒரே ஒரு விதிதான் இருந்தது. அங்கே போகக் கூடாது.

அது இரண்டாம் உலக யுத்த காலம். வெள்ளைக்காரனுடைய கப்பல்கள் புறாமலையைக் குறி வைத்துச் சுட்டுப் பழகும். சுடுகிற நாளில் கரையில் சிவப்புக் கொடி ஏறும். கொடி இல்லாத நாளிலும் கடற்படையின் படகு சுற்றிவரும் என்பதால், அந்தப் பக்கம் தோணி விட மீன்பிடிகாரர் தயங்குவார்கள். கரையில் நின்று பார்த்தால் கடலுக்குள் இரண்டு கற்பாறை முதுகுகளும் கொஞ்சம் பற்றையும் தெரியும். ஒரு மனிதனுக்கு அங்கே என்ன அலுவல் இருக்க முடியும் என்று எவருக்கும் விளங்காது.

எங்கள் பெரியப்பாவுக்கு அலுவல் இருந்தது.

முதலில் நாங்கள் நிலாவெளிக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். திருகோணமலைத் துறைமுகத்தில் ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு பட்டணத்துச் சனம் மூட்டை கட்டிக்கொண்டு நாலாபக்கமும் வெளிக்கிட்டது. அப்பா கடற்படையின் சாமான் களஞ்சியத்தில் கிளாக்கராக இருந்தார். அவரால் வேலையை விட்டு நகர முடியாது. எங்களை மட்டும் நிலாவெளியில், அம்மாவின் ஒன்றுவிட்ட தமையனின் வளவில் இருந்த ஓலை வீட்டில் கொண்டுவந்து விட்டார். அந்தத் தமையனை நான் மாமா என்பேன். சொந்தத் தோணியும் வலையும் வைத்திருந்த மனிதர். அப்பா சனிக்கிழமை சைக்கிளில் வந்து ஞாயிறு பின்னேரம் திரும்பிப் போவார். மற்ற நாட்களில் அந்த வீட்டில் அம்மா, நான், கைக்குழந்தையாக என் தம்பி. அதோடு பெரியப்பா.

பெரியப்பா என் அப்பாவின் மூத்த தமையன். நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே மலாயாவுக்குப் போய் ரயில்வேயில் சேர்ந்தவர். அங்கே இறப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுகிற குடும்பத்துப் பெண் ஒருத்தியைக் கல்யாணம் முடித்துவிட்டார் என்று செய்தி வந்த அன்றோடு குடும்பம் அவரைத் தலைமுழுகிவிட்டது. எங்கள் வீட்டில் அவருடைய பேச்சே எழாது. தவறி எழுந்தால், அம்மா அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று எழுந்து போய்விடுவார். அவருக்குப் பிள்ளை குட்டி உண்டா என்றுகூட ஒருவரும் கேட்டறியவில்லை. கேட்டால் கவுரவம் குறைந்துவிடும் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது.

மலாயா ஜப்பான்காரன் கைக்குப் போன சமயம் ஒருநாள், எங்கள் பட்டணத்து வீட்டு வேலிப் படலையடியில் மெலிந்த மனிதர் ஒருவர் ஒரு தோல் பெட்டியோடும் ஒரு துணிப்பையோடும் நின்றார். அப்பா ஓடிப்போய் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"தனியவோ அண்ணை வந்தனீங்கள்?"

"இப்போதைக்குத் தனியத்தான்."

இந்த "இப்போதைக்கு" என்ற சொல் அம்மாவின் காதில் முள்ளாகத் தைத்துவிட்டது. அதென்ன இப்போதைக்கு? பின்னால் ஆர் வரப்போயினம்? அப்பாவிடம் கேட்டால், அண்ணை சொல்லக்குள்ள சொல்லுவார் என்பதற்கு மேல் பதில் இல்லை. அப்பாவைப் படிக்க வைத்தவர் பெரியப்பாதான். அதனால் அவர் தமையனை நிமிர்ந்து பார்த்து ஒரு கேள்வி கேட்கமாட்டார்.

பெரியப்பா வந்த சில கிழமைகளில் குண்டும் வந்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதற்குப் பெரிய மூளை தேவையில்லை. என்னுடைய பத்து வயது மூளையே போதுமாக இருந்தது.

அந்த நாட்களில் பள்ளிக்கூடத்தில் ஒற்றர்களைப் பற்றிப் படிப்பித்திருந்தார்கள். ஒற்றன் கொம்பு முளைத்தவனாக இருக்கமாட்டான், நம்மைப்போலவே இருப்பான், துறைமுகப் பக்கம் அடிக்கடி போவான், எந்தக் கப்பல் எப்போது வரும் என்று விசாரிப்பான் என்று வாத்தியார் சொன்னார். பெரியப்பா எல்லாப் பாடத்திலும் சித்தியடைந்தார். பட்டணத்தில் இருந்தபோது காலையில் எழுந்ததும் துறைமுகப் பக்கம்தான் போவார். கப்பலடியில் வேலை செய்கிறவர்கள், சாமான் ஏற்றியிறக்கும் வத்தைக்காரர், தேத்தண்ணிக் கடைக்காரர், எவரைக் கண்டாலும் கப்பல் விசாரிப்பார். சிங்கப்பூரிலிருந்து ஏதும் வந்ததா, கொழும்புக்கு வந்தது இங்கே வருமா, வழியில் எங்கே நிற்கும் என்றெல்லாம் கேட்பார். அப்பாவின் களஞ்சியத்துப் பெரியவர் ஒருவர் அப்பாவைத் தனியே கூப்பிட்டு, உம்முடைய தமையனின் வாயைக் கொஞ்சம் கட்டிவையும் என்று எச்சரித்ததாக அம்மா சொல்லி அழுதது எனக்கு நினைவிருக்கிறது.

நிலாவெளிக்கு வந்த பிறகு விசாரிக்கக் கப்பல்காரர் இல்லை. அதனால் பெரியப்பா கடலையே விசாரிக்கத் தொடங்கினார். விடிந்ததும் கரைக்குப் போய் நிற்பார். வலை இழுக்கிறவர்களிடம் புறாமலைப் பக்கம் ஆழம் எவ்வளவு, கரையோரம் நின்று குளிக்கலாமா, தண்ணீர் தெளிவா என்று கேட்பார். இடுப்புவரை இறங்கி முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு நெடுநேரம் நிற்பார். அப்போது கண்ணில் ஏதோ கட்டியிருப்பார். கரைக்கு ஏறும்போது அதைக் கழற்றித் துணிப்பைக்குள் வைத்துவிடுவார். அந்தப் பையை எவரும் தொட அவர் விடுவதில்லை. நான் ஒருமுறை கிட்டப் போனபோது மெல்ல அதைத் தன் மடிக்கு எடுத்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூட எனக்குச் சந்தேகம் இவ்வளவு வந்திராது.

கடைசியில் விதானையார் வந்தார். ஊரில் அரசாங்கத்தின் கண்ணும் காதும் அவர்தான். கதிரையில் அமர்ந்து, அம்மா கொடுத்த இளநீரை முழுக்கக் குடித்து முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"தங்கச்சி, நான் ஒண்டும் சொல்ல வரேல்லை. ஊருக்குள்ள ஒரு கதை. உங்கட அத்தான், அந்த மலாயாக்காரர், கடலுக்க என்ன தேடுறார்?"

"எனக்கென்னண்டு தெரியும்? குளிக்கப் போறார்."

"குளிக்கிற ஆள் ஆழம் அளப்பாரோ? புறாமலைக்குப் போகவேணும் எண்டு தோணிக்காரர் எல்லாரையும் கேட்டிருக்கிறார். நீர்மூழ்கி வந்து ஒதுங்கிறதுக்கு இடம் பார்க்கிறார் எண்டு சனம் கதைக்குது. எனக்கு மேலிடத்துக்கு அறிவிக்காமல் இருக்க ஏலாது. உங்கட மனுசனும் நேவி உத்தியோகம்..."

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. அப்பாவின் வேலை போனால் போகட்டும், அப்பாவையே பிடித்துக்கொண்டு போய்விட்டால்? கிண்ணியாப் பக்கம் ஒருவரை இப்படித்தான் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள், இன்னும் வரவில்லை என்று ஊரில் ஒரு கதை உலாவியது.

அந்தச் சனிக்கிழமை அம்மாவும் அப்பாவும் கிணற்றடியில் நின்று சண்டை பிடித்தார்கள். நான் வாழைக்குள் நின்று கேட்டேன்.

"அவரை எங்கையாவது அனுப்புங்கோ. என்ர பிள்ளையளுக்குத் தகப்பன் வேணும்."

"எங்கை அனுப்பிறது? அவருக்கு ஆர் இருக்கினம்?"

"அதைத்தான் நானும் கேக்கிறன். ஆர் இருக்கினம்? வாய் திறந்து சொல்லுறாரோ?"

அப்பா சைக்கிள் சில்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அடுத்த கிழமை ஒரு காலையில், குசினி வாசலுக்கு வந்து நின்று பெரியப்பாவே கேட்டார். அவர் எப்போதும் வாசலோடு நின்றுவிடுவார். உள்ளே வரும்படி அம்மாவும் சொல்லமாட்டார்.

"பிள்ளை, உம்மட தமையன் நாளைக்குப் புறாமலைப் பக்கம் தோணி விடச் சம்மதிச்சிட்டார். மூத்தவளையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு போகட்டோ? அவளுக்கு மீன் காட்டலாம்."

அம்மா உடனே மறுத்துவிடுவார் என்று நினைத்தேன். அம்மா அகப்பையைச் சட்டியோரம் வைத்தார். "ஓம், கூட்டிக்கொண்டு போங்கோ" என்றார்.

எனக்குத் திகைப்பாக இருந்தது. பெரியப்பா நகர்ந்ததும் அம்மா என்னைப் பிடித்து இழுத்து மடியில் இருத்திக்கொண்டார். மாமா கூடவே வருவார், பயப்பட ஒன்றுமில்லை, பிள்ளையோடு போகிற ஆளைக் கண்டால் ஊரும் குடும்பமாய்ப் போகிறார்கள் என்று நினைக்கும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அவர் அங்க என்ன செய்யிறார், அந்தப் பைக்குள்ள என்ன இருக்கு, ஆரோட கதைக்கிறார், என்ன கதைக்கிறார், எல்லாம் பார்த்துக்கொண்டு வந்து எனக்குச் சொல்லவேணும். விளங்கிச்சோ?"

நன்றாக விளங்கியது. ஒற்றனை ஒற்றுப் பார்க்கிற வேலை எனக்குக் கிடைத்திருந்தது. தலைக்கு எண்ணெய் வைக்கவும் நேரமில்லாமல் பரபரத்தேன்.

மறுநாள் கொடி ஏறவில்லை. வாடைக்காற்று ஓய்ந்து கடல் குளம்போலக் கிடந்த மாதம் அது. மாமா தோணியைத் தள்ளினார். நான் நடுவில் உட்கார்ந்து பெரியப்பாவின் துணிப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். அதற்குள் கண்ணாடி இருக்கும், அதை வெயிலில் பிடித்து நீர்மூழ்கிக்குச் சைகை காட்டுவார் என்பது என் முடிவு. அவர் அதை உயர்த்தினால் தட்டிவிடுவதா, அல்லது பார்த்துக்கொண்டிருந்து அம்மாவிடம் சொல்வதா என்பதை மட்டும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

தீவின் கரையெல்லாம் உடைந்த முருகைக்கல். காலில் குத்தியது. பாறை இடுக்குகளிலிருந்து சாம்பல் நிறப் புறாக்கள் கூட்டமாக எழுந்து எங்களைச் சுற்றிவிட்டு மறுபடியும் உட்கார்ந்தன. அங்கங்கே துருப்பிடித்த இரும்புத் துண்டுகள் மண்ணில் கிடந்தன. மாமா அவற்றைத் தொடவேண்டாம் என்று என்னை அதட்டிவிட்டு, தோணியடியில் நிழல் பார்த்து உட்கார்ந்து சுருட்டைப் பற்றவைத்தார்.

பெரியப்பா பையைத் திறந்தார். நான் மூச்சுவிடாமல் பார்த்தேன்.

கண்ணாடி இருந்தது. ஆனால் நான் நினைத்த கண்ணாடி இல்லை. மரத்தைக் குடைந்து இரண்டு வட்டம் செய்து, அதில் கண்ணாடித் துண்டுகளைப் பதித்து அரக்கு வைத்து, தலையில் கட்ட ஒரு நாடா கோத்திருந்தது. மலாயாவில் கடலுக்குள் இறங்கிச் சிப்பி எடுக்கிறவர்கள் கட்டுகிற கண்ணாடி என்றார். ஒன்று பெரிது. பிறகு பையின் அடியிலிருந்து, பழைய சேலைத் துண்டு ஒன்றில் சுற்றிய இன்னொன்றை எடுத்தார். அது சிறியது. அதை என் கண்ணில் வைத்துக் கட்டினார். எனக்கு அளவெடுத்துச் செய்ததுபோலப் பொருந்தியது.

"வா, தண்ணிக்க முகத்தை வைச்சுப் பார்ப்பம்."

எனக்கு நீந்தத் தெரியாது. பெண்பிள்ளைகளை எங்கள் வீட்டில் கணுக்காலுக்கு மேல் கடலில் இறங்க விடமாட்டார்கள். பெரியப்பா என்னைத் தன் இரண்டு கைகளிலும் குப்புறப் போட்டுத் தாங்கியபடி மெல்ல மெல்ல உள்ளே நடந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். மாமா சுருட்டுப் புகைக்குள் தூரத்தில் இருந்தார். என்னைக் கொல்லத்தான் கொண்டுபோகிறார் என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. நான் ஒற்றுப் பார்க்க வந்தது இவருக்குத் தெரிந்துவிட்டது! கைகாலை உதறினேன். வாய்க்குள் உப்புத்தண்ணீர் போனது.

"பவளம், பயப்படாதை" என்றார். "பவளம், மூச்சைப் பிடி. இப்ப பார்."

முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தேன்.

முருகைக்கல் என்றால் எங்களுக்குச் சூளையில் போட்டுச் சுண்ணாம்பு சுடுகிற வெள்ளைக் கல். அது உயிரோடு இருக்கும் என்றோ, அதற்கு நிறம் உண்டு என்றோ எனக்கு ஒருவரும் சொன்னதில்லை. அடியில் மான்கொம்புக் காடு ஒன்று ஊதாவும் தவிட்டு நிறமுமாகக் கிளைவிட்டு நின்றது. முட்டைக்கோசு இலை விரிந்தாற்போல அடுக்கடுக்காக வேறொன்று. கொம்புகளுக்குள் விரலளவு நீல மீன்கள் நூற்றுக்கணக்கில் போய் ஒளிந்து, நான் அசையாமல் இருந்ததும் எட்டிப் பார்த்தன. பச்சைக் கிளிமீன் ஒன்று கல்லைக் கடித்த சத்தம் என் காதுக்கே கேட்டது. மஞ்சள் கோடு போட்ட மீன்கள் இரண்டிரண்டாகப் போயின. செட்டையின் நுனி கறுத்த ஒரு குட்டிச் சுறா எங்களை ஒரு பொருட்டாகவே எடுக்காமல் கடந்துபோனது.

"பவளம், அந்தா ஆமை, பார்" என்ற குரல் மேலே எங்கேயோ கேட்டது. கேட்ட பக்கம் திரும்பினேன். ஆமை பறப்பதுபோலப் போய்க்கொண்டிருந்தது.

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேனோ தெரியாது. என் வேலையை மறந்துவிட்டேன்.

இயந்திரச் சத்தம் கேட்டுத்தான் தலையைத் தூக்கினேன். கடற்படையின் படகு ஒன்று தீவைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றது. வெள்ளைக்கார அதிகாரி ஒருவரும், துவக்கோடு இரண்டு மாலுமிகளும், பேச்சை மொழிபெயர்த்துச் சொல்வதற்கென்று காக்கிச் சட்டை போட்ட எங்கள் ஆள் ஒருவரும் இறங்கி வந்தார்கள். மாமா சுருட்டை எறிந்துவிட்டு எழுந்து கைகட்டி நின்றார். மாலுமிகள் துணிப்பையை உதறினார்கள். தோணியைக் கிளறினார்கள். அதிகாரி மரக்கண்ணாடி இரண்டையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

காக்கிச் சட்டைக்காரர் என்னிடம் குனிந்தார்.

"பிள்ளை, பயப்படாமல் சொல்லு. இவர் உனக்கு ஆர்?"

"என்ர பெரியப்பா."

"இஞ்ச என்ன செய்தவர்?"

ஊர் முழுக்கச் சந்தேகித்ததும், அம்மா சொல்லி அனுப்பியதும், விதானையாரின் கதையும் எல்லாம் என் நாக்கு நுனியில் வந்து நின்றன. ஆனால் நான் கண்ணால் கண்டது ஒன்றுதான்.

"எனக்கு மீன் காட்டினவர்."

"வேற?"

"ஆமையும் காட்டினவர்."

அவர் அதை இங்கிலீசில் சொன்னார். அதிகாரிக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. உடனே அடக்கிக்கொண்டு, சிறிய கண்ணாடியை உயர்த்திப் பிடித்துப் பெரியப்பாவிடம் நேராக ஏதோ கேட்டார். பெரியப்பா இங்கிலீசில் பதில் சொன்னார். எனக்குத் தெரிந்த இங்கிலீசு பள்ளிக்கூடத்து அரிச்சுவடியோடு சரி. அதனால் ஒன்றும் பிடிபடவில்லை. பெரியப்பா இவ்வளவு நீளமாகக் கதைத்து நான் கேட்டதே இல்லை. சிங்கப்பூர் என்ற சொல் வந்தது. பிறகு அதிகாரி குறுக்கே ஒரு கேள்வி கேட்டார். பெரியப்பா ஏதோ ஒரு பெயரைச் சொன்னார். அதிகாரி அதைத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பெரியப்பா ஓம் என்று தலையாட்டினார்.

அதிகாரி ஒருமுறை கடலைப் பார்த்தார். பிறகு தன் தொப்பியைக் கழற்றினார். வெள்ளைக்காரன் ஒருவன் எங்கள் ஆள் முன்னால் தொப்பி கழற்றியதை நான் அன்றுதான் கண்டேன். மிகவும் தாழ்ந்த குரலில் நாலைந்து சொற்கள் சொன்னார்.

பெரியப்பா அப்படியே அந்தக் கல்மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

பிடிபட்டுவிட்டார் என்று நினைத்தேன். இனி விலங்கு போடுவார்கள் என்று மாலுமிகளின் கைகளையே பார்த்தேன். ஆனால் அதிகாரி குனிந்து, சிறிய கண்ணாடியை அந்தச் சேலைத் துண்டிலேயே சுற்றிப் பெரியப்பாவின் மடியில் வைத்தார். அவருடைய தோளை ஒருமுறை தொட்டார். திரும்பிப் பார்க்காமல் படகுக்கு நடந்தார். மாமா காக்கிச் சட்டைக்காரரின் பின்னால் ஓடினார்.

"ஐயா, என்னவாம்? என்ன சொன்னவர்?"

அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஒண்டுமில்லை. ஆளைக் கவனமா வீட்டை கொண்டுபோய்ச் சேருங்கோ. இனி இஞ்ச வரவேண்டாம்."

இதில்தான் என் சந்தேகம் முன்னையிலும் பெரிதானது. பிடிக்க வந்தவன் ஏன் விட்டான்? தொப்பியை ஏன் கழற்றினான்? அப்படியென்றால் பெரியப்பா ஜப்பான்காரனுக்கு மட்டுமல்ல, வெள்ளைக்காரனுக்கும் ஒற்றனோ? திரும்பி வரும் வழி முழுக்க அவரை ஓரக்கண்ணால் பார்த்தேன். எந்நேரமும் கடலையே பார்க்கிற மனிதர் அன்று ஒருமுறைகூடத் தண்ணீரைப் பார்க்கவில்லை. தோணியின் பலகையைப் பார்த்துக்கொண்டு வந்தார். கரைக்கு வந்ததும் வீட்டுக்கு வராமல், கவிழ்த்து வைத்திருந்த ஒரு வள்ளத்தின் மறைவில் போய் உட்கார்ந்துகொண்டார்.

நான் ஓடினேன். அம்மா குசினிக்குப் பின்னால் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன கண்டனி? ஆறுதலாச் சொல்லு."

பையை, கண்ணாடிகளை, படகை, தொப்பியை எல்லாம் சொன்னேன். படகு வந்ததைக் கேட்டதும் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. விட்டுவிட்டுப் போனார்கள் என்றதும் நெற்றியைச் சுருக்கினார். நான் கடைசியாக, பெரிதாக எண்ணாமல் ஒன்றைச் சொன்னேன்.

"அவருக்கு ஒண்டும் தெரியாது அம்மா. முருகைக்கல்லைப் போய்ப் பவளம் பவளம் எண்டு சொல்றார்."

"என்ன சொன்னவர்? அவர் சொன்ன மாதிரியே சொல்லு."

"'பவளம், பயப்படாதை. பவளம், மூச்சைப் பிடி. பவளம், அந்தா ஆமை, பார்.' அப்பிடித்தான்."

அம்மாவின் கத்தி மீனின் மேல் அப்படியே நின்றது.

"கல்லைப் பார்த்தோ சொன்னவர்?"

"இல்லை. என்னைப் பிடிச்சுக்கொண்டு."

"அந்தச் சின்னக் கண்ணாடி... உனக்கு அளவா இருந்ததோ?"

"ஓம். எனக்கெண்டே செய்த மாதிரி."

அம்மா கையைக் கழுவினார். கழுவிய கையை மறுபடியும் கழுவினார். பிறகு முந்தானையை இழுத்துப் போர்த்துக்கொண்டு, தம்பி அழுவதையும் கவனிக்காமல் நேரே கரைக்கு நடந்தார். நான் வேலியோரமாகப் பின்னால் போய் ஒளிந்து நின்றேன். அன்றுவரை பெரியப்பா முன்னால் இருந்து கதைத்தறியாத அம்மா, கவிழ்ந்த வள்ளத்துக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார். என்ன கேட்டார் என்று கேட்கவில்லை. பெரியப்பா கையை மடியில் வைத்தபடி, தலை நிமிராமல், சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஒற்றன் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான் என்றுதான் எனக்குத் தோன்றியது. நான் கொண்டுவந்த செய்தியால்தான் இது நடந்தது என்று மார்பு விம்ம நின்றேன்.

அவர் அங்கே சொன்னது என்ன என்பதை, எனக்குக் கல்யாணமாகி ஒரு பிள்ளையும் பிறந்த பிறகு அப்பா சொன்னார். சிங்கப்பூரில் பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றிய கப்பல் ஒன்றில் பெரியப்பா தன் மனைவியையும் ஒரே மகளையும் அனுப்பிவைத்திருக்கிறார். ரயில்வே வேலை அவரை உடனே விடவில்லை. வேறு கப்பலில் பின்னால் வந்தவர் முன்னால் வந்து சேர்ந்துவிட்டார். அவர்கள் வந்து படலையடியில் நின்ற பிறகு எல்லோருக்கும் சொல்லலாம், பிள்ளையின் முகத்தைக் கண்டால் குடும்பம் மனம் மாறும் என்று காத்திருந்தார். அதனால்தான் கப்பல் விசாரித்தார். தன் ஊர்க் கடலுக்குள் இருக்கிற பூந்தோட்டத்தைக் காட்டுவதாக மகளுக்குச் சொல்லி, அவளுக்கென்று சின்னக் கண்ணாடி செய்வித்திருந்தார். அவள் வருவதற்குள் நல்ல இடம் பார்த்துவைக்க வேண்டும் என்றுதான் ஆழம் கேட்டார். அந்தக் கப்பல் வழியிலேயே மூழ்கித் தாழ்ந்துவிட்டது என்பதை, கப்பலின் பெயரைக் கேட்டு அவருக்கு முதலில் சொன்னவர் அந்த வெள்ளைக்கார அதிகாரிதான். மகளுக்கும் பத்து வயது. பெயர் பவளம்.

அன்று எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், பொலிசு வரவில்லை என்பதுதான். அடுத்த நாள் வந்த விதானையாருக்கு அம்மா இளநீரும் கொடுக்கவில்லை, கதிரையும் போடவில்லை.

"அவர் எங்கட வீட்டு மூத்த ஆம்பிளை. அவரைப் பற்றிக் கதைக்கிறதெண்டா இனி இந்தப் படலையைத் திறக்கவேண்டாம்."

விதானையார் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து பெரியப்பாவுக்குக் குசினிக்குள் பலகை போட்டு, அம்மாவே கிட்ட இருந்து சோறு போட்டார். அவர் பாதிச் சோற்றில் எழுந்தால் இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கோ அத்தான் என்று மறித்தார். சனிக்கிழமை அப்பா வந்ததும் அம்மா அவரைப் படலையிலேயே மறித்து ஏதோ சொன்னார். அப்பா சைக்கிளை வேலியில் சாத்தத் தவறி, அது விழுந்ததையும் பாராமல் உள்ளே ஓடினார். இரண்டு ஆண்களும் அழுகிற சத்தம் கேட்டது. எனக்கு வெறுத்துப்போய்விட்டது. அம்மாவை வளைத்துப் போட்டாயிற்று, இப்போது அப்பாவையும். மிச்சம் நான் ஒருத்திதான்.

பெரியப்பா கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். வளவுக்குள்ளேயே நடப்பார். வேலி கட்டுவார், தம்பியைத் தூக்கி வைத்திருப்பார். சில வேளை என்னைப் பார்த்துப் "பவளம்" என்று கூப்பிட்டுவிட்டு, பாதியில் நின்றுவிடுவார். நான் அம்மாவிடம் முறையிட்டேன்.

"என்ர பேரைக்கூடச் சரியாச் சொல்றாரில்லை."

"கூப்பிட்டால் ஓம் எண்டு சொல்லு."

"அது என்ர பேர் இல்லையே?"

"இல்லைத்தான். நீ ஓம் எண்டு சொல்லு."

ஒருநாள் காலையில் கிணற்றுக் கட்டின் மேல் நின்று தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தேன். வேலியடியிலிருந்து அந்தப் பெயர் வந்தது. அம்மா குசினி வாசலில் நின்று என்னையே பார்த்தார்.

"ஓம் பெரியப்பா" என்றேன்.

பெரியப்பா கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டுவிட்டு என்னிடம் விரைந்து வந்தார். என் கையைப் பிடித்துக் கட்டின் மேலிருந்து இறக்கினார்.

"தண்ணிக்குக் கிட்ட நிக்காதை, பிள்ளை. வழுக்கும்."

எனக்கு எரிச்சலாக வந்தது. நான் தினமும் தண்ணீர் அள்ளுகிற கிணறு அது. எங்கே வழுக்கும், எங்கே வழுக்காது என்று அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். இந்தச் சின்ன விஷயத்துக்குப் போய் ஒரு பெரிய மனிதர் ஏன் இப்படி நடுங்குகிறார் என்று அவருடைய முகத்தைச் சந்தேகத்தோடு பார்த்தேன்.